கஞ்சித் தண்ணீரில் எழுதியது

குழந்தைவேலுக்கு வீட்டில் ராஜ மரியாதை கிடைப்பது வருடத்துக்கு இரண்டே நாள். பெரியவள் அறிவுச்செல்வியின் பிறந்தநாள் ஒன்று, சின்னவள் கனிஷ்காவின் பிறந்தநாள் ஒன்று. அந்த இரண்டு நாளும் வீட்டுக்குள் புதையல் வேட்டை நடத்துவார். உப்பு, மஞ்சள், சுண்ணாம்பு, முட்டை என்று அடுப்படியில் கிடைப்பதை வைத்துச் சின்னச் சின்னச் சோதனைகள். ஒன்றைச் செய்து பார்த்தால் அடுத்த துப்பு கிடைக்கும், கடைசித் துப்பில் பரிசு. மற்ற நாளெல்லாம் அவர் பரமத்தி வேலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் குடுவை கழுவி அடுக்குகிற லேப் அசிஸ்டன்ட். ஊரில் ‘லேப் சார்’ என்பார்கள். ‘சார்’ என்பதற்கு முன்னால் அந்த ‘லேப்’ ஒட்டிக்கொண்டிருப்பது இருபது வருடமாக அவருக்கு உறுத்தல்.

அறிவுச்செல்வி பத்தாவதில் ஐந்நூற்றுக்கு நானூற்றுத் தொண்ணூற்று மூன்று எடுத்தாள். அத்தோடு வீட்டின் நிம்மதி போயிற்று. குழந்தைவேலின் மனைவி பிரவீனா அங்கன்வாடி டீச்சர். அவளுடைய அண்ணன் மகள் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் படித்து டாக்டருக்குப் போனவள். அறிவுக்கும் அதே பள்ளிதான் என்று பிரவீனா முடிவு செய்தாள். தானே முடிவு செய்ததுபோல் குழந்தைவேல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். டீக்கடையில் சொன்னார், சலூனில் சொன்னார், ஒரு வேலையும் இல்லாமல் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்து அங்கேயும் சொன்னார். மகளிடம் கேட்டார்களா என்றால், கேட்டார்கள். எந்தக் கலரில் பெட்டி வேண்டும் என்று கேட்டார்கள்.

ஜூனில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வார்டன் எதிரில் நின்று ஸ்பீக்கரில் ஐந்து நிமிடம் பேசலாம். மாதம் ஒரு கடிதம் எழுதலாம், அதை வார்டன் படித்துப் பார்த்துத்தான் தபாலில் சேர்ப்பார். ஜூலையில் வந்த பிறந்தநாள் ஹாஸ்டலிலேயே கழிந்தது. காலாண்டு விடுமுறையைச் சிறப்பு வகுப்பு விழுங்கியது. கடைசியில் ஆயுத பூஜைக்கு ஒரே ஒரு நாள், காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை, வீட்டுக்குப் போய்வரலாம் என்று பெரிய மனது பண்ணினார்கள். விட்டுப்போன பிறந்தநாள் வேட்டையை அன்றைக்கு நடத்திவிடுவது என்று குழந்தைவேல் ஒரு வாரமாகத் துப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

அவள் எழுதிய கடிதங்கள் நான்கு. முத்து முத்தான கையெழுத்து. ‘நான் நலம், சாப்பாடு நன்றாக இருக்கிறது, உங்கள் கனவை நிறைவேற்றுவேன்’ என்றுதான் நான்கிலும் இருந்தது. முதல் கடிதத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோய்த் தலைமையாசிரியரிடம் காட்டினார். “பத்திரமா வெச்சுக்கங்க, நாளைக்கு டாக்டர் அம்மா எழுதுன லெட்டராக்கும்” என்று அவர் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னார். அன்று சாயங்காலமே குழந்தைவேல் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போய் அதற்கு லேமினேஷன் போட்டுவிட்டார். பிறகு வந்தவற்றுக்கும் அப்படியே. ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை என்று லேமினேஷன் போடாத காகிதம் அந்த வீட்டில் இல்லை.

ஆயுத பூஜை அன்று காலை பைக்கில் போய் மகளைக் கூட்டி வந்தார். வழியெல்லாம் அவர்தான் பேசினார். பின்னால் இருந்து ‘ம்’ மட்டும் வந்தது. முகம் சின்னதாகி, கண்ணுக்குக் கீழே கருவளையம் கட்டியிருந்தது. படிக்கிற பிள்ளை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவர் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள் பிரவீனா. குழந்தைவேல் தன் பங்குக்கு லேபிலிருந்து நான்கு டெஸ்ட் டியூபைக் கொண்டுவந்து பொட்டு வைத்திருந்தார். அடுக்கின் அடியில் மகளின் கடிதங்களும் இருந்தன, படித்தவள் கைபட்டது என்பதற்காக. இன்றைக்குப் புத்தகத்தைத் தொடக்கூடாது, படிக்கக்கூடாது. வருடத்தில் ஒரு நாளாவது அப்படி ஒரு சட்டம் இருப்பது நல்லதுதான்.

அறிவு அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற தொட்டி ஓரமாக நின்றே இட்லியை விழுங்கினாள்.

“உக்காந்து தின்னு சாமி. எந்த பஸ் போயிருதுன்னு இப்பிடி அவசரம்?” என்றாள் பிரவீனா.

அவள் உட்கார்ந்தாள். கனிஷ்கா ஓர் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான்கைத் தின்று தட்டையும் கழுவி வைத்துவிட்டாள்.

பத்து மணிக்கு வேட்டை தொடங்கியது. மேசை மேல் இரண்டு டம்ளர் தண்ணீர், இரண்டு முட்டை. எந்தத் தண்ணீரில் முட்டை மிதக்கிறதோ அந்த டம்ளருக்கு அடியில் துப்பு. மூன்றாவது படிக்கும் கனிஷ்கா முட்டையை மெல்ல விட்டுவிட்டு, அது மேலே வந்ததும் துள்ளிக் குதித்தாள்.

“அக்கா, பாருக்கா! மெதக்குதுக்கா!”

“உப்புத் தண்ணிக்கு அடர்த்தி சாஸ்தி. ஒரு மார்க் கொஸ்டின்” என்றாள் அறிவு. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

குழந்தைவேலுக்குச் சுருக்கென்றது. ஆறு வயதில் இதே முட்டை மிதந்ததைப் பார்த்து, முட்டைக்கு உயிர் வந்துவிட்டது என்று அலறிய பிள்ளை. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் கைதட்டி அடுத்ததற்கு நகர்த்தினார். டம்ளருக்கு அடியில் இருந்தது வெறும் வெள்ளைத் தாள். சுண்ணாம்புத் தெளிநீரில் எழுதியிருந்தார். கனிஷ்கா அதன் மேல் மஞ்சள் தண்ணீரைத் தடவினாள், ‘அரிசி டப்பா’ என்று செக்கச் சிவந்து எழுந்தது. அரிசிக்குள் காந்தத்தை விட்டுத் துழாவினாள். நூல் கட்டிய ஆணி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. நூல் முனையில் மடித்த இன்னொரு வெள்ளைத் தாள். எல்லாவற்றையும் சின்னவள்தான் செய்தாள். பெரியவள் பக்கத்தில் நின்று விடையை மட்டும் சொன்னாள், யாரோ கேள்வி கேட்டு ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல.

ஒரு தடவைகூட மகள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் குழந்தைவேலுக்கு உறைத்தது.

கடைசித் தாளுக்காக லேபிலிருந்து சின்னப் புட்டியில் அயோடின் கொண்டுவந்திருந்தார். நீர் விட்டுக் கலந்து கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். கனிஷ்கா பஞ்சைத் தோய்த்து ஒற்ற ஒற்ற, வெற்றுத் தாளில் கருநீலமாக எழுத்துகள் கிளம்பின. ‘பீரோவுக்குப் பின்னால்.’

“ஐ! பீரோ!” என்று அவள் உள்ளே ஓடினாள். அறிவு அசையவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இது கஞ்சித் தண்ணிதானுங்கப்பா?”

“ஆமா சாமி. சோறு வடிச்ச கஞ்சில எழுதிக் காய வெச்சா ஒண்ணும் தெரியாது. அயோடின் பட்டா நீலமாயிரும். நீ ஏழாவது படிக்கறப்ப நாந்தான சொல்லிக் குடுத்தேன்.”

“எனக்கு நெனப்பிருக்குதுங்கப்பா” என்றாள். “என்ற லெட்டருக்கெல்லாம் அயோடின் போட்டுப் பாத்தீங்கல்ல?”

“எந்த லெட்டருக்கு?”

“ஹாஸ்டல்ல இருந்து போட்டனே. வரிக்கு வரி நடுவால எடம் விட்டு எழுதியிருந்தனே. வெளக்குமாத்துக் குச்சியக் கஞ்சில தொட்டு எழுதுனேன். வார்டன் மேடத்துக்குத் தெரியாது, எங்கப்பாவுக்குத் தெரியும்னு எழுதுனேன்.”

வரிக்கு வரி இடம் விட்டு எழுதியிருந்ததைக் குழந்தைவேல் பார்க்காமல் இல்லை. பிள்ளைக்கு எவ்வளவு சுத்தம் என்று மெச்சிக்கொண்டார். தலைமையாசிரியரிடமும் அதைச் சுட்டிக்காட்டினார். இருபது வருடமாக அயோடின் புட்டியைத் துடைத்து வைக்கிற மனுஷனுக்கு, ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போமே என்று தோன்றவில்லை.

“பாக்கலீங்களா?” என்றாள் அறிவு. “ஒண்ணு கூடவா?”

அவர் பூஜை அடுக்கிடம் போனார். தொடக்கூடாது என்று பிரவீனா சொல்லச் சொல்லப் புத்தகங்களைத் தள்ளிவிட்டு அடியில் இருந்த நான்கு கடிதங்களையும் எடுத்தார். பளபளவென்று பிளாஸ்டிக் மின்னியது, மூலையில் சந்தனப் பொட்டு. அதைப் பார்த்ததும் அறிவு சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

“லேமினேஷன் போட்டுட்டீங்களா!”

அவர் கத்தரிக்கோலை எடுத்து முதலில் கைக்கு வந்த கடிதத்தின் ஓரத்தை வெட்டினார். பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுத்தார். சூட்டில் ஒட்டியதாயிற்றே, தாளின் மேல்தோல் எழுத்தோடு பிளாஸ்டிக்கிலேயே தங்கிவிட்டது. கையில் வந்தது நார் நாராகக் கிழிந்த வெள்ளை. அதில் பஞ்சை ஒற்றினார். பழுப்பாக ஊறியதே தவிர ஒன்றும் தெரியவில்லை.

“ஒண்ணுமே இல்லியே” என்றாள் பிரவீனா. குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

“அது செப்டம்பர் லெட்டருங்கம்மா. அதுல எழுதல” என்றாள் அறிவு. “ஆகஸ்ட்டோட நிறுத்திட்டேன்.”

மற்ற மூன்றையும் வெட்டினார். மூன்றும் அதே கதைதான். ஒன்றில் மட்டும் ஓரத்தில் கட்டைவிரல் அளவு தாள் பிழைத்து, ‘நின்னு’ என்று ஒரு சொல் நீலமாக வந்தது. நனைந்த பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைவேல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“என்ன எழுதியிருந்தே சாமி? வாயால சொல்லு.”

“ஜூன்ல, பாடம் புரியலைன்னு எழுதுனேன். ஒண்ணு புரியறதுக்குள்ள டெஸ்ட் வெச்சர்றாங்கப்பா. ஜூலைல, டெஸ்ட்டுல கடைசிப் பத்துப் பேரு வந்தா மெஸ்ஸுல நின்னுக்கிட்டுத்தான் சாப்பிடணும்னு எழுதுனேன். உக்காந்து சாப்பிடற பிள்ளைங்க முன்னாடி செவுத்தோரமா நிக்கணும். நான் ஜூலைல இருந்து நிக்கறேன்.” மூச்சு விட்டுக்கொண்டாள். “ஆகஸ்ட்ல, என்னையக் கூட்டிட்டுப் போயிருங்கப்பான்னு மட்டும் எழுதுனேன். ரெண்டு பக்கமும் அதத்தான் எழுதியிருந்தேன்.”

பிரவீனாவின் வாயில் முதலில் வந்தது கோபம்தான். “ஆகஸ்ட் கடைசில பாக்க வந்தமே, அப்பச் சொல்றதுக்கென்ன?”

“மேடம் பக்கத்துலயே நின்னாங்கல்லம்மா. நான் அப்பாகிட்டக் கேட்டேன், லெட்டர் எல்லாம் படிச்சீங்ளாப்பான்னு.”

குழந்தைவேலுக்கு ஞாபகம் வந்தது. விசிட்டர் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி, மேசை மேல் பிரவீனா கொண்டுபோன முறுக்கு. மகள் குனிந்தபடி கேட்டாள். ஒரு எழுத்து விடாமல் படித்தேன், படித்துவிட்டு நானும் உங்கம்மாவும் அழுதுவிட்டோம் என்று அவர் சொன்னார். பொய்யும் இல்லை, ‘உங்கள் கனவை நிறைவேற்றுவேன்’ என்ற வரிக்கு இருவரும் அழத்தான் செய்தார்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொள், எல்லாம் சரியாகிவிடும் என்று மகளின் தலையைத் தடவியும் கொடுத்தார்.

“படிச்சுட்டீங்கன்னு நெனச்சேன்” என்றாள் அறிவு. “எல்லாத்தையும் படிச்சுட்டு, அங்கயே இருன்னு சொல்றீங்கன்னு நெனச்சுட்டேனுங்கப்பா.” சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தோளில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். “ரெண்டு மாசமா உங்கள என்னென்னமோ நெனச்சுட்டேன். கெட்ட கெட்டதா நெனச்சேன். நீங்க படிக்கவே இல்ல. உங்களுக்குத் தெரியவே தெரியாது. நாந்தான் தப்பா நெனச்சுட்டேன்.”

ஒரு தகப்பனுக்கு அதைவிடப் பெரிய மன்னிப்பு யாரும் தந்துவிட முடியாது. குழந்தைவேல் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார், தானும் அழுதார். அந்த நேரம் பார்த்துக் கனிஷ்கா பீரோவுக்குப் பின்னால் இருந்து பரிசுப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். பிரித்தாள். உள்ளே ஸ்டெதாஸ்கோப். நாமக்கல் மெடிக்கல் கடையில் தேடிப்பிடித்து வாங்கியது. அக்காவின் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, “டம்மு டம்முன்னு அடிக்குது!” என்றாள். பிரவீனா அதைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டு, சின்னவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாள்.

அறிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். காலையிலிருந்து இல்லாத தெளிவு முகத்தில் வந்திருந்தது.

“இப்பத் தெரிஞ்சுருச்சில்லீங்கப்பா. நான் போகல. உங்க பள்ளிக்கூடத்துலயே சேத்துவுட்டுருங்க. அங்கயும் பதினொண்ணாவது இருக்குதல்ல? உங்ககூடவே வண்டில போயிட்டு வந்தர்றேன். நல்லாப் படிக்கறேன். டாக்டருக்கே படிக்கறேன், இங்க இருந்து படிக்கறேன்.”

நடக்காத காரியம் இல்லை. நாளை மறுநாள் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சேர்த்துக்கொள்வார். அது குழந்தைவேலுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்த அறைக்குள் போய் நின்று அந்த வார்த்தையைச் சொல்வதை நினைத்துப் பார்த்தார். டீக்கடை நினைவுக்கு வந்தது, சலூன் நினைவுக்கு வந்தது. ‘என்னங்க லேப் சார், புள்ள திரும்பி வந்துட்டாளாமே’ என்று கேட்கப்போகிற ஒவ்வொரு முகமும் வரிசை கட்டி வந்து நின்றது. அவர் பிரவீனாவைப் பார்த்தார். அவள் சொல்லிவிடட்டும், வேண்டாம் என்றோ சரி என்றோ அவளே சொல்லிவிடட்டும் என்று பார்த்தார். அவளும் அதையே எதிர்பார்த்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, பிள்ள கேக்குதல்ல, சொல்லுங்க” என்றாள் பிரவீனா.

“அது வந்து சாமி...” குழந்தைவேல் தொண்டையைச் செருமினார். “பாதி வருசத்துல மாத்துனா உனக்குத்தான் செரமம். அங்க பாதிப் பாடம் முடிச்சுட்டாங்க, இங்க இன்னும் கால்வாசி கூட ஆகல. இந்த ஒரு வருசத்த மட்டும் ஓட்டிரு. நான் வந்து அந்த மேடத்துகிட்டப் பக்குவமாப் பேசறேன், நிக்க வெக்க வேண்டாம்னு சொல்றேன். அப்பா இருக்கறனல்ல.”

அறிவு அவரை விட்டு விலகி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். காலையிலிருந்து அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

“மேடத்துகிட்டப் பேசாதீங்கப்பா. பேசுனா இன்னும் சாஸ்தியாகும்” என்று சொல்லி எழுந்துகொண்டாள்.

மதியம் பிரவீனா வடை பாயசத்தோடு சமைத்து வைத்திருந்தாள். தட்டில் போட்டதை அறிவு உட்கார்ந்தே சாப்பிட்டாள், இரண்டாவது தடவை பரிமாற வந்தபோது ‘போதும்மா’ என்றாள். கனிஷ்கா வந்து இன்னொரு வேட்டை வைக்கச் சொல்லிக் கெஞ்சினாள், யாரும் அசையவில்லை. மூன்றரை மணிக்கு அறிவு தானே யூனிபார்மை மாட்டி, தானே சடை பின்னி, பையோடு வாசலில் வந்து நின்றாள். முறுக்கு டப்பாவைப் பைக்குள் திணித்தபடி பிரவீனா அழுதாள். அப்போதாவது அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குழந்தைவேல் பைக் சாவியைத் தேடுவதுபோல் இரண்டு தடவை வீட்டுக்குள் போய் வந்தார். சாவி சட்டைப் பையில்தான் இருந்தது.

வழியில் அவர் பேசவில்லை. பின்னால் அவள் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பள்ளி வாசலில் பிள்ளைகளை விட வந்த கார்களும் பைக்குகளும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எல்லாத் தகப்பன்மார்களும் புதுச்சட்டையில் இருந்தார்கள். செக்யூரிட்டி நீட்டிய நோட்டில் குழந்தைவேல் கையெழுத்துப் போட்டார். அறிவு பையை வாங்கிக்கொண்டாள்.

“சாமி, அப்பா மேல கோவமில்லையே?” என்றார்.

“காலைல நீங்க லெட்டரப் படிக்கலைன்னு தெரிஞ்சதும், உங்களப் போயி தப்பா நெனச்சுட்டமேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சுங்கப்பா” என்றாள் அவள். “இப்ப அது இல்ல. நீங்க படிச்சிருந்தாலும் இங்கதான் கொண்டாந்து விட்டிருப்பீங்க.”

சொல்லிவிட்டு, மற்ற பிள்ளைகளோடு வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.